நார்மண்டி: ஓதம் குறித்துக் கொடுத்த நாள்

நேச நாட்டுப் படைகள் 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியதில் தளபதிகளின் விருப்பத்தைவிடக் கடல் ஓதத்திற்கே பங்கு அதிகம். அங்கே கடல்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறத்தாழ ஆறு மீட்டர் ஏறி இறங்கும். நீர் உயர்ந்த வேளையில்தான் எதிரி வருவான் என்று எண்ணிய ஜெர்மானியத் தளபதி ரோம்மல், படகுகளின் அடியைக் கிழிக்கும் இரும்புச் சட்டங்களையும் கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்களையும் மணலில் நடச் செய்தார். ஆகவே, தடைகள் வெளியே தெரியும் தாழ் ஓதத்திற்குச் சற்றுப் பிந்தி, ஏறும் நீரில் இறங்குவதென நேச நாடுகள் முடிவு செய்தன. தடைகளை வெடிவைத்துத் தகர்ப்போருக்கு நேரம் கிடைக்கும், வீரர்களை இறக்கிய படகுகளும் தரைதட்டி நின்றுவிடாமல் திரும்பும்.

முந்திய இரவில் பாராசூட் வீரர்களுக்கு நிலவொளியும் தேவைப்பட்டது. ஒரு கரையில் முழுநிலவு நாளின் தாழ் ஓதம் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். நார்மண்டியில் அது விடியலை ஒட்டி அமைந்திருந்தது. அமாவாசையிலும் ஓதம் அப்படியே வரும், ஆனால் நிலவு இராது. எனவே ஜூன் 5, 6, 7 மட்டுமே பொருந்தின. முதல் நாளைப் புயல் விழுங்கியது.

இத்தனை நுட்பமாக ஓதத்தைக் கணிக்க முடிந்ததற்குக் காரணம், அது நிலவாலும் சூரியனாலும் எழும் பல சீரான அலைகளின் கூட்டு என்பதே. முதன்மையான நிலவலைக்கு 12 மணி 25 நிமிடமும், சூரிய அலைக்குச் சரியாக 12 மணியும் ஆகும். பிரித்தானிய இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1872இல் உருவாக்கிய பொறியில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு சக்கரம் தன் வேகத்தில் சுழன்று ஒரு கப்பியை ஏற்றி இறக்கும். எல்லாக் கப்பிகளின் மீதும் ஓடும் ஒரே கம்பியின் முனையிலுள்ள பேனா மொத்த ஓதத்தை வரைந்துவிடும். லிவர்பூலுக்கு அருகே பிட்ஸ்டனில் இத்தகைய பொறிகளை இயக்கியவர் ஆர்தர் டூட்சன், முதல் உலகப்போரில் மனச்சான்றின் பேரில் படையில் சேர மறுத்தவர். பிரித்தானியக் கடற்படையின் ஃபார்குர்சன் 1943 அக்டோபரில் கணிப்புக்கான பதினோர் அலைகளின் எண்களை அவருக்கு அனுப்பியபோது, அது எந்தக் கரை என்று எழுதாமல் 'இசட்' என்று மட்டுமே குறித்திருந்தார்.

ஓதம் மேற்கிலிருந்து வருவதால், அமெரிக்கர்கள் 6:30க்கும் கிழக்கே பிரித்தானியர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கினர். அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கரையில் தடைகளை அகற்றப் பொறியாளர்களுக்கு ஏறத்தாழ அரைமணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. கடும் துப்பாக்கிச் சூட்டில் அவர்கள் சில வழிகளையே திறக்க முடிந்தது. எஞ்சிய தடைகளை நீர் மூடிவிட்டதால், பிற்பகலில் அது மீண்டும் வற்றிய பின்னரே பணி தொடர்ந்தது.