ரக்பிப் பிள்ளைகளும் பஸ் காசும்

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் பின்னேரங்களில் ரக்பி விளையாடும் பெண் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பெயர் வைத்த கழகம் எல்லாம் இல்லை. ஒரு பந்து, மணல், அவ்வளவுதான். நான் பிசியோதெரபிஸ்ட். முழங்காலும் தோளும் என் தொழில் என்பதால் அவர்களுக்கு நான் 'மிஸ்'. போன வருடம் ஒருநாள் போட்டி வைத்து, வடையும் சர்பத்தும் விற்று, 18,000 ரூபாய் சேர்த்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சில் கோயில் அன்னதானம், சிறுவர் இல்லம் என்று வழமையான பெயர்கள்தான் முதலில் வந்தன. கடைசியில் புற்றுநோய்க் கிளினிக்குக்குத் தூரத்திலிருந்து வரும் பெண்களின் பஸ் காசுக்கு என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு முழங்கை இருக்கிறது.

ஒருத்திக்கு விளையாட்டில் மார்பில் முழங்கை பட்டது. சில நாள் கழித்துக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. மூன்று கிழமை யாரிடமும் சொல்லவில்லை. தோள் வலி என்று என்னிடம் வந்தவள், எழுந்து போகும்போதுதான் கேட்டாள்: "இடிபட்டா கேன்சர் வருமா மிஸ்?"

வராது. அடிபடுவதால் மார்பகப் புற்றுநோய் உண்டாவதில்லை. ஆனால் அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டலாம்; கொழுப்புத் திசு சிதைந்து கட்டிபோல இறுகலாம். இன்னொன்றும் நடக்கும். முன்பே இருந்த கட்டி, வலிக்கிற இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் கைக்குத் தெரியவரும். எது எது என்று என் விரலுக்கும் தெரியாது, உங்கள் விரலுக்கும் தெரியாது. டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்துத்தான் சொல்லவேண்டும். "அடிபட்ட வீக்கம், தானா வத்தும்" என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருப்பதுதான் எனக்குப் பயம்.

தாய்க்கு வேறு பயம். "கலியாணம் பேசிற வயசில கிளினிக் வாசல்ல நிண்டா ஊர் என்ன சொல்லும் மிஸ்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நானும் கூடப் போனேன், அவ்வளவுதான். இளம் வயதில் அடிக்கடி காணப்படும் தீங்கில்லாத நார்க்கட்டி என்று வந்தது.

ரக்பிக்காரர்கள் எங்கேயும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். தங்கள் உடம்பிலும் தங்கள் ஆட்களிலும் பட்ட நோய்க்குத்தான் காசு சேர்ப்பார்கள். ஸ்கொட்லாந்துக்காக 61 போட்டிகள் ஆடிய டோடி வியர், தனக்கு இயக்க நரம்பணு நோய் என்று 2017இல் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. அந்த வருடமே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை வந்தது. 2022இல் அவர் இறந்த பிறகும் மைதானங்களில் அதற்குக் காசு சேருகிறது. 2014இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து மகளிர் அணியின் ஹீதர் ஃபிஷருக்கு முடி உதிரும் நோய். மொட்டைத் தலையோடு ஆடினார், அதைப் பற்றி வெளிப்படையாகவும் பேசினார். முடி கொட்டினால் முக்காட்டுக்குள் ஒளிகிற எங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய படத்தைக் காட்டியிருக்கிறேன்.

பெண்கள் ரக்பியில் தலையடி இன்னொரு பெரிய கதை. பெரும்பாலும் பெண்களின் கழுத்துத் தசை ஆண்களுடையதைவிட வலுக்குறைந்தது. மோதும்போது தலை கூடுதலாக உதறும். பலர் பதினெட்டு, இருபது வயதில்தான் பந்தைத் தொடுகிறார்கள், விழப் பழகியிருக்க மாட்டார்கள். 2025 மகளிர் உலகக் கிண்ணத்தில், பலமான அடி பட்டால் சிவப்பாக மின்னும் பற்காப்பை வீராங்கனைகள் அணிந்தார்கள். கல்லடியில் மின்னுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே என் சட்டம் இது: தலை இடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. "ஒண்டுமில்ல மிஸ்" என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, பஸ் காசுக்கு வருகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும். இரண்டு தவணை தவறினால் மூன்றாவதற்கு வர வெட்கப்படுகிறார்கள். இலங்கைப் பெண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். இருபது வயதிலிருந்து மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்க்கச் சொல்கிறோம். 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்து கர்ப்பப்பைக் கழுத்தையும் பரிசோதியுங்கள் என்கிறோம். எல்லாம் சரி, வரும் வழிக்கு யார் காசு தருவது?

18,000 ரூபாய் இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. இந்த வருடம் யாருக்கு என்று இன்னும் பேச்சு முடியவில்லை. பங்குனியில் ஒருத்திக்கு முழங்காலில் எலும்புகளைப் பிடித்துவைத்திருக்கும் ஏ.சி.எல். நார் அறுந்தது, ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அது கூடுதலாக அறுகிறது. அவளுடைய கூட்டாளிகள் இப்போது ஊன்றுகோலின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.