சோப்பு பட்டதும் கறுக்கும் துணி

"குழந்தையின் சிறுநீர் பட்ட ஈரத்துணி சோப்பு போட்டால் வெளுக்காமல் கறுக்கிறது. மாமியார் கண்ணேறு என்கிறார். காரணம் என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கண்ணேறு இல்லை, அம்மா. குழந்தையின் சிறுநீரைத் தாமதிக்காமல் பரிசோதியுங்கள். அல்காப்டோனூரியா என்ற பரம்பரைக் கோளாறு சில நேரங்களில் இப்படித்தான் முதலில் தெரியவரும்.

உணவுப் புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடல் படிப்படியாகச் சிதைக்கிறது. வழியில் ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாகும். அதை உடைக்கும் நொதி இல்லாவிட்டால் அமிலம் சிறுநீரில் வெளியேறி, காற்றுப் பட்டுக் கறுக்கும். சோப்பின் காரம் அதை விரைவுபடுத்தும். குழந்தைக்கு வலி இராது. ஆனால் அமிலம் குருத்தெலும்பில் படிந்து, முப்பது வயதுக்கு மேல் முதுகையும் மூட்டுகளையும் அரிக்கும்.

நொதி ஏன் இல்லாமல் போகிறது? தமிழகத்து நரிக்குறவர் சமூகத்தில் கண்டறியப்பட்ட மரபணு மாற்றம் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. மரபணுவின் செய்தி ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளில் எழுதப்பட்டது. அது ஒரே தொடராக இருப்பதில்லை. இந்த நொதிக்கான மரபணுவில் அது 14 துண்டுகளாகக் கிடக்கிறது, இடையிடையே பொருளற்ற நீண்ட பகுதிகள். செல் எல்லாவற்றையும் ஆர்என்ஏவாகப் படியெடுத்த பின், இடைப்பகுதிகளை வெட்டிவிட்டுத் துண்டுகளை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவது? புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பவர் பிரிக்குமிடத்தைப் பழக்கத்தால் அறிவதுபோல, செல்லுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இடைப்பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே ஜி, டி என்ற இரு எழுத்துகளில்தான் தொடங்கும். இம்மரபணுவில் புரதத்துக்கான 87ஆம் எழுத்தை ஒட்டி வரும் அந்த ஜி, ஏ ஆகிவிட்டது. புரதத்துக்கான எழுத்துகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. வெட்டுமிடம் மட்டும் மறைந்தது. அதனால் செய்தியே குலைந்து, நொதி உருவாகாமல் போகிறது!

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான நகல் வந்தால்தான் நோய். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் 1901இல், தான் விசாரித்த நான்கு குடும்பங்களில் மூன்றில் பெற்றோர் நெருங்கிய உறவினர் என்பதைக் கவனித்தார். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு இறங்கும் விதத்தைச் சொல்லும் மெண்டலின் விதி மனித நோயொன்றுக்குப் பொருந்துவது அப்படித்தான் 1902இல் வெளிச்சத்துக்கு வந்தது. அத்தை மகன், மாமன் மகள் என்று மணமுடிக்கும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

1996இல் இந்த மரபணுவைப் பிடித்தவர்கள் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள். அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தது ஒரு பூஞ்சையை! அதிலிருந்த இதே போன்ற மரபணுதான் மனித மரபணுவுக்கு வழிகாட்டியது. "பூஞ்சைக்கு எதற்கு நிதி?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வேன்.

மரபணுவைத் திருத்த இன்று வழியில்லை. ஆனால் நிட்டிசினோன் என்ற மருந்து, அமிலம் உருவாகும் படியையே தடுத்துவிடும். பெரியவர்களுக்காக ஐரோப்பா அதை 2020இல் அனுமதித்தது. அதை எடுத்தால் ரத்தத்தில் டைரோசின் ஏறும், அது கண்களைப் பாதிக்கலாம். ஆகவே மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். உங்கள் குழந்தைக்கு இப்போது தேவை பரிசோதனைதான். கறுத்த துணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது உதவும்.