பிரஷைக் கண்டால் ஓடும் நாய்

நாய்க்குப் போய்ப் பல் தேய்ப்பார்களா என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டு நாயின் மேலுதட்டை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். மூன்று வயது தாண்டிய நாயென்றால், மேல் கடைவாயின் பெரிய பல்லில் ஈறை ஒட்டி மஞ்சளும் பழுப்புமாக ஒரு படிவு பெரும்பாலும் தெரியும். அந்தப் பல்லில் அதிகம் படியக் காரணம் இருக்கிறது. உமிழ்நீர் நாளம் ஒன்று கன்னத்தின் உட்புறம் அதன் பக்கத்தில்தான் திறக்கிறது.

நாயின் உமிழ்நீரில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடுதல். அதனால் நாய்களுக்குப் பற்சொத்தை அபூர்வம். ஆனால் பல்லில் படியும் கிருமிப் படலத்தில் கால்சியம் உப்புகள் சீக்கிரமே சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் அது காரையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷால் ஒன்றும் ஆகாது. மயக்க மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முடிந்தால் தினமும் தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான். விட்டுவிட்டால் ஈறுக்கு அடியில் கிருமிகள் பெருகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்கும். நாய் வாயென்றால் நாறத்தான் செய்யும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அந்த நாற்றம் பல நேரம் ஈறு நோயின் அறிகுறி.

சரி, தேய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் நாய் விடுவதில்லை. ஒருவர் தலையை அமுக்க, இன்னொருவர் வாயைத் திறக்க, வீடே ரெண்டுபடும். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், மேலே குனியும் ஒரு உருவம், தாடையை இறுக்கும் கை, வாய்க்குள் நுழையும் ஏதோ ஒன்று. மறுநாள் பிரஷ் இருக்கும் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இவான் பாவ்லோவின் நாய்கள் செய்ததும் இதேதான். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கிய அவர், சாப்பாடு வருவதற்கு முன்னால் கிடைக்கும் குறிப்புக்கே நாய்களின் வாயில் எச்சில் ஊறுவதைக் கவனித்தார். குறிப்புக்குப் பின்னால் நல்லது வந்தால் எச்சில். கெட்டது வந்தால் பயம். அந்தப் பயத்தைத் திருப்பிப்போட முடியுமா? 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் அதை ஒரு சிறுவனிடம் செய்து காட்டினார். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தள்ளி வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

நாயிடம் பிரஷுக்கும் இதே வழிதான். முதலில் விரல் கன்னத்தை மட்டும் தொடும். உடனே ஒரு துணுக்குக் கோழிக்கறி. அது பழகியதும் உதட்டைத் தூக்குவது, பிறகு ஈறின் மேல் விரல், விரலில் பேஸ்ட், கடைசியில்தான் பிரஷ். பலர் கோட்டை விடுவது வரிசையில். கறியைக் காட்டிவிட்டு வாயைத் தொட்டால், கறியே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும். நாய் கறியையும் சந்தேகமாகப் பார்க்கும். தொடுதல் முன்னால், தின்பண்டம் பின்னால்.

நிறுத்தும் நேரமும் முக்கியம். உறுமியதும் கையை எடுத்தால், உறுமினால் காரியம் நடக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். உறுமியதற்கு அடித்தாலோ, அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். அதனால் அந்தக் கட்டத்துக்கே போகவிடக் கூடாது. பசியில்லாமல் மூக்கை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணோரம் வெள்ளை தெரிவது எல்லாம் நாய் சங்கடப்படுகிறது என்பதற்கு அடையாளம். இவை தெரிந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு, அடுத்த முறை ஒரு படி கீழிறங்கித் தொடங்க வேண்டும்.

வாயைத் திறக்கவே தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். காரை அதிகம் சேர்வது கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கத்தில். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். உதட்டைத் தூக்கி, பிரஷை ஈறோரமாகச் சாய்த்து வைத்துத் தேய்த்தால் போதும். நாய்களுக்கான பேஸ்ட் இறைச்சிச் சுவையில் கிடைக்கிறது. அதுவே பாதி லஞ்சம். நம் பேஸ்ட் மட்டும் கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்களில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைப் பீறிடச் செய்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

ஏற்கெனவே ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வரும் நாயிடம் இந்தப் பயிற்சி பலிக்காது. ஒவ்வொரு தொடுதலுக்குப் பின்னும் கறியோடு வலியும் வருமே. அந்த நாயை முதலில் மருத்துவரிடம் காட்டி, ஈறு ஆறிய பிறகு கன்னத்திலிருந்து தொடங்குங்கள்.