சிக்னலைத் தட்டிப் பார்த்தல்

காருகுறிச்சியில் பானை வாங்கும்போது எங்கள் ஆச்சி கண்ணை நம்ப மாட்டாள். மடக்கிய விரலால் விளிம்பில் ஒரு தட்டு, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று. கணீரென்றால் விலை பேசுவாள். பொத்தென்றால் கீழே வைத்துவிடுவாள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் சிக்னலிலும் இப்படிக் கண்ணுக்குப் படாத விரிசல் விழுவதுண்டு. வெளியிலிருந்து யாரும் செய்யும் குறும்பல்ல. செயற்கைக்கோளின் மின்னணுக் கருவியிலேயே பிறக்கும் கோளாறு.

ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் 0, 1 எனும் 1,023 துண்டுகள் கொண்ட தனி வரிசையொன்றை விநாடிக்கு ஆயிரம் முறை அனுப்புகிறது. ரிசீவர் அதே வரிசையைத் தானும் உருவாக்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. எவ்வளவு பொருந்துகிறது என்று வரைந்தால் ஓட்டுக்கூரை போல ஒரு முக்கோணம் கிடைக்கும். முகடு இருக்குமிடமே சிக்னல் வந்து சேர்ந்த நேரம், அதிலிருந்துதான் தூரம். ஒரு துண்டின் நீளமே சுமார் 293 மீட்டர். ஆகவே முகட்டை நூல் பிசகாமல் பிடிக்க வேண்டும். ரிசீவர் முகட்டை நேரே தேடுவதில்லை. இரு சரிவிலும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு புள்ளியைப் பிடித்து, அவற்றின் நடுவை முகடு என்று கொள்கிறது.

செயற்கைக்கோளின் கோளாறால் இந்தக் கூரை கோணிவிட்டால்? புள்ளிகள் அகன்றிருந்தால் ஒரு நடு, நெருங்கியிருந்தால் வேறொரு நடு. விமான நிலையத்தின் தரைக் கருவி தன் இருப்பிடத்தை அறிந்திருப்பதால், பிழையைக் கணக்கிட்டு விமானத்துக்குத் திருத்தம் அனுப்பும். தரைக் கருவியும் விமானமும் ஒரே பிழையைக் கண்டால்தான் அந்தத் திருத்தம் பலிக்கும்; இரண்டின் புள்ளி இடைவெளியும் வேறானால் பலிக்காது. 1993இல் 19ஆம் எண் செயற்கைக்கோள் இப்படிக் கோணியது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அரை மீட்டருக்குள் இருந்த உயரப் பிழை 2 முதல் 8 மீட்டர் வரை போனது. மேகத்துக்குள்ளிருந்து தூத்துக்குடி விமான நிலையத்தின் வாகைக்குளம் ஓடுபாதைக்கு இறங்கும் ஒரு விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் என்பது இரண்டு மாடி வீட்டின் உயரம்.

கண்டுபிடிக்கும் வழி ஆச்சியின் வழிதான். இரண்டு புள்ளிகளோடு நிற்காமல் கூரையைப் பல இடங்களில் அளந்து, நல்ல செயற்கைக்கோள்களின் கூரையோடு ஒப்பிடுகிறார்கள். ஆனால் கட்டடத்திலும் லாரியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கூரையை வளைக்கும். அதனால் தள்ளித் தள்ளிப் பல ஆன்டெனாக்களை நடுகிறார்கள். எதிரொலி ஒவ்வொன்றிலும் ஒருவிதமாக விழும். செயற்கைக்கோளின் கோணல் எல்லாவற்றிலும் ஒன்றுபோலத் தெரியும்.

எனக்கு இதில் பிடித்தது நேரத்தோடு நடக்கும் இழுபறி. நீண்ட நேரம் சராசரி எடுத்தால் கோணல் தெளிவாகும். இறங்கும் விமானமோ காத்திருக்காது. கருவியை நம்பி இறங்கும் வகைகளில் கெடுபிடி குறைந்த முதல் வகைத் தரையிறக்கத்துக்கே எச்சரிக்கை 6 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு கோணலைப் பொறுப்பது என்ற வரம்பை இறுக்கினால் நல்ல செயற்கைக்கோள்களும் கழிந்துபோகும். தளர்த்தினால் கோணல் நுழைந்துவிடும். எச்சரிக்கை வந்ததும் அந்தச் செயற்கைக்கோளை விலக்கி, மற்றவற்றைக் கொண்டு கணக்கு தொடர்கிறது. அவை போதாவிட்டால் விமானி இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிடுவார்.