டிஸ்க்ளைமர் மன்னிப்புக் கடிதம் இல்லை

"கீழே டிஸ்க்ளைமர் போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன பிரச்சினை?"

இதே கேள்வியோடு இன்னொரு நிறுவனம் வந்துவிட்டது. அமெரிக்கச் சந்தைக்குப் போகும் சப்ளிமெண்ட் (வைட்டமின், மூலிகை மாதிரியான துணை உணவு) லேபிள்களையும் விளம்பரங்களையும் சரிபார்ப்பது என் வேலை. இந்த முறை பாட்டிலின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் "டிப்ரஷனை விரட்டும்". பின்பக்கம் பொடி எழுத்தில் டிஸ்க்ளைமர், அதாவது பொறுப்புத் துறப்பு: "எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ அல்ல". இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான்!

பொறுமையாகவே சொல்கிறேன். சப்ளிமெண்ட் உடலின் இயல்பான செயல்பாட்டுக்கு எப்படி உதவுகிறது என்று சொல்லிக்கொள்ள அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிச் சொல்ல ஆதாரம் கையில் இருக்க வேண்டும். விற்பனைக்கு வந்த 30 நாட்களுக்குள் எஃப்.டி.ஏ.வுக்கு (அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) தெரிவிக்க வேண்டும். டிஸ்க்ளைமரும் அச்சிட வேண்டும். ஆக, சொல்லத் தகுந்ததைச் சொல்வதற்கான நிபந்தனைகளில் ஒன்றுதான் டிஸ்க்ளைமர். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு அதன் பின்னால் ஒளிய முடியாது. லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக சிவப்பு விளக்கைத் தாண்டலாமா? டிப்ரஷன் ஒரு நோய். அதைத் தீர்க்கும் என்று எழுதிய நிமிடமே உங்கள் பொருள் அனுமதி வாங்காத மருந்தாகிவிடுகிறது. "டிஸ்க்ளைமர் எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?" என்றும் கேட்கிறார்கள். போதாது.

லேபிளைத் திருத்திவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஹேஷ்டேக், வாடிக்கையாளர் சொன்ன அனுபவம், நீங்கள் 'லைக்' போட்ட கமெண்ட் எல்லாவற்றையும் எஃப்.டி.ஏ. எடுத்துப் பார்க்கும். (எனக்கு லேபிளைவிட இன்ஸ்டாகிராம்தான் பெரிய தலைவலி.) பெயரிலும் மாட்டலாம்: நோயைக் குறிப்பால் உணர்த்துவதற்கு "மூலிகை புரோசாக்" (புரோசாக் ஒரு டிப்ரஷன் மாத்திரை) என்பதையே எஃப்.டி.ஏ. உதாரணமாகக் காட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் டிப்ரஷன் போன்ற மனநோய்களுக்குத் தீர்வு என்று சப்ளிமெண்ட் விற்ற 10 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. விளம்பரத்தை எஃப்.டி.சி. (அமெரிக்காவின் வர்த்தக ஆணையம்) தனியாகக் கவனிக்கும். "எனக்குக் குணமானது" என்று நூறு பேர் சொன்னாலும் அதை அறிவியல் ஆதாரமாக அது ஏற்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். "மாத்திரைக்குப் பதிலாக" என்று தயவுசெய்து எங்கும் எழுதாதீர்கள். படிக்கிறவர் நிஜமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வேறு ஆபத்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை டிப்ரஷன் மாத்திரைகளோடு சேர்த்தால் செரோடோனின் என்ற வேதிப்பொருள் உடலில் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் பலனையும் அது குறைத்துவிடும். பாட்டிலில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை போடச் சொன்னால் "விற்பனை குறையுமே" என்கிறார்கள். குறையட்டும்.

எஃப்.டி.ஏ. கடிதம் வந்தால் பதில் சொல்ல 15 வேலை நாட்கள்தான். அதுவரை காத்திருக்காமல் பழைய இணையப் பதிவுகளை இன்றைக்கே தேடி எடுங்கள். லேபிள் வாசகத்தை அச்சுக்கு அனுப்பும் முன் எனக்கு அனுப்புங்கள், அச்சடித்த பிறகு அல்ல.