பவளத்தின் சதை உரிவது ஏன்?

கடல்நீர்த் தொட்டியில் வளரும் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம் திடீரென வெண்மையாகத் தெரிந்தால், அந்த வெண்மையின் மேல் உயிருள்ள படலம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வெளிறிய பவளம் தன்னுள் குடியிருந்த நுண்பாசிகளை இழந்திருந்தாலும் பவளத்தை உருவாக்கும் சிற்றுயிர்களான பாலிப்புகள் உயிரோடிருக்கும். நிலைமை சீரானால் நிறம் திரும்பவும் கூடும். திசு இழப்பிலோ சதையே கழன்று, சுண்ணாம்புக் கூடு மட்டும் வெறுமையாக நிற்கிறது. சில கொத்துகளில் இது அடியிலிருந்து வாரக்கணக்கில் மேலேறும். சிலவற்றில் ஒரே இரவில் முடிந்துவிடும். வேகத்தை மட்டும் வைத்துக் காரணத்தைத் தீர்மானிக்க முடியாது.

கிருமியைத் தேடும் முன் தொட்டி நீரைச் சோதிப்பது நல்லது. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை, அதாவது முக்கியமாக அதில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டுகளின் அளவு, ஏறத்தாழ 7 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). பவளங்கள் கூடு கட்டுவதற்காக அதை நாள்தோறும் எடுத்துக்கொள்வதால், வளர்ப்பவர் ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவு சற்றுக் கூடுதலாக இருப்பதைவிட, ஒரே நாளில் சட்டென ஏறி இறங்குவதே ஆபத்தானது. குறைந்துவிட்டதே என்று பதறி ஒரேயடியாகச் சரிசெய்வது பெரும்பாலும் கேட்டையே விளைவிக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத நீரில் காரத்தன்மையை உயர்த்தி வைத்தால் கிளை நுனிகள் கருகுவதை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள்.

நீர் சீர்கெடுவதற்கும் சதை உரிவதற்கும் இடையில் நுண்ணுயிர்கள் எவ்வாறு நுழைகின்றன என்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பவளத்தையும், அதற்கு வெளியே தனியாக வளரும் பாசியையும் ஒரே கலத்தில் வைத்து, நடுவே 0.02 மைக்ரான் துளைகள் கொண்ட வடிகட்டியை நிறுத்தினார்கள். பாக்டீரியா அதைக் கடக்க முடியாது. பாசியிலிருந்து கசியும் கரைபொருள்கள் கடக்கும். பவளங்கள் அனைத்தும் இறந்தன. ஆனால், பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைச் சேர்த்த கலங்களில் ஒன்றுகூட இறக்கவில்லை. அப்படியானால் கொன்றவை பாசியின் பக்கத்திலிருந்து வந்த பாக்டீரியா அல்ல. பவளத்தின் மேலேயே ஏற்கெனவே வாழ்ந்தவை, கரைபொருள்களை உணவாகக் கொண்டு பெருகியிருக்க வேண்டும். பெருகும்போது அவை பவளத்தை ஒட்டிய நீரிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டைக் குறைப்பதற்காகச் சர்க்கரையோ எத்தனாலோ ஊற்றுபவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்னும் பாக்டீரியா, 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போசிலோபோரா என்னும் மற்றொரு பவளத்தின் சதையை விரைவாகக் கரைக்கிறது. 22 டிகிரிக்குக் கீழே அதே பாக்டீரியாவால் நோய் உண்டாவதில்லை.

ஒட்டுண்ணிகளின் வேலையும் இதைப் போலவே தோன்றி ஏமாற்றும். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் படாது. அது விட்டுச்செல்லும் வட்டமான கடித்தடங்களும், வெறுமையான அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பழுப்பு முட்டைகளுமே அதைக் காட்டிக்கொடுக்கும். மருந்துநீரில் முக்கினால் புழு உதிருமேயன்றி முட்டை சாகாது என்பதால், பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு மீண்டும் மீண்டும் முக்க வேண்டியிருக்கிறது.

உரிதல் வேகமாகப் பரவினால், அதன் எல்லையிலிருந்து நன்கு தள்ளி, நலமான கிளைகளை வெட்டிப் பிரிப்பதே வளர்ப்போரின் வழக்கம். புளோரிடாவில் 2014 முதல் பரவிய திசு இழப்பு நோய்க்கு அமாக்சிசிலின் என்னும் எதிருயிரி மருந்து கலந்த பசையைக் கடலிலுள்ள பவளங்களின் மேலேயே பூசுகிறார்கள். வீட்டுத் தொட்டி நீரில் எதிருயிரி மருந்தைக் கலந்தால் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் அழியக்கூடும். ஆகவே மருத்துவத்தைத் தனிக் கலத்தில் வைத்துச் செய்வதே முறை.