ரொறன்ரோவில் 24 வோல்ட், கோண்டாவிலில் 230 வோல்ட்

சென்ற வைகாசியில் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குக் குளிரூட்டி திருத்தப் போனேன். குளிரூட்டியின் மூடி கழற்றிக் கட்டிலில் கிடந்தது. வீட்டுக்கார ஐயா ஸ்டூலில் ஏறி நின்றார். கையில் இரண்டு முனையும் தோல் சீவிய துண்டு வயர். அலுமாரியில் சாய்த்து வைத்த தொலைபேசியில் ரொறன்ரோவிலிருந்து மருமகன் பேசிக்கொண்டிருந்தார்: “ஆர், ஜி இரண்டையும் தொடுத்துப் பாருங்கள் மாமா. காற்றாடி சுற்றினால் மோட்டார் நல்லது.”

ஐயாவை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் பிரேக்கரை இறக்கினேன்.

மருமகன் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே பல வீடுகளில் வீடு முழுவதற்கும் குளிர்காற்றைத் தள்ளும் ஒரே ஊதிதான். அறை வெப்பத்தைப் பார்த்துக் குளிரூட்டியை இயக்கச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு வரும் மெல்லிய வயர்களில், ஒரு சிறிய டிரான்ஸ்போமர் குறைத்துத் தரும் 24 வோல்ட் ஓடுகிறது. ‘ஆர்’ மின்சாரத்தைக் கொண்டுவரும். ‘ஜி’ ஊதியையும் ‘வை’ வெளியிலுள்ள கம்பிரசரையும் இயக்கும். ஆரையும் ஜியையும் தொடுத்து ஊதியைச் சோதிப்பது அங்குள்ள தொழிலாளர் அறிந்த வழி.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஸ்பிளிட் குளிரூட்டியில் அந்தத் தெர்மோஸ்டாட்டே கிடையாது. அதன் வேலையை உள்ளே இருக்கும் மிளகளவு சென்சர் ஒன்று பார்க்கிறது. மூடியைத் திறந்ததும் தெரியும் முனைகளில் இருப்பது 230 வோல்ட். கம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பல இன்வெர்ட்டர் மாதிரிகளில் அந்த முனைகளில் ஒன்று, உள்யூனிட்டும் வெளியூனிட்டும் பேசிக்கொள்ளும் தகவல் வயருக்கானது. அதில் 230 வோல்ட் நேரடியாகப் பாய்ந்தால் குளிரூட்டியின் மின்சுற்றுப் போர்ட் கருகிவிடும். கை பட்டால் உயிரே போகலாம். வெளிநாட்டிலிருந்து அன்போடு சொல்லப்படும் யோசனை என்பதால்தான் எனக்கு இதில் பயம் அதிகம். அன்பானவர் சொன்னால் நாம் கேள்வி கேட்பதில்லை.

அந்த வீட்டுக்கு அதற்கு முந்திய வாரம் வேறொருவர் வந்து, “காஸ் முடிந்துவிட்டது” என்று சொல்லிப் போயிருந்தார். குளிரூட்டும் அந்தக் காஸ் பெற்றோல்போலச் செலவாகும் பொருளன்று. இறுக மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிவு இல்லாமல் குறையாது. கசிவு எங்கே என்று காட்டாமல் காஸ் நிரப்ப வருபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் பார்த்தது ஊதியைத்தான். மின்சாரம் நின்றிருக்கும்போது விரலால் உருளையைத் தள்ளினேன், இலகுவாகச் சுற்றியது. பெயரிங் நல்லது. ஆனால் இறக்கைகளின் குழிகளெல்லாம் செம்மண் தூசு ஈரத்தில் ஊறிக் களிபோல் அப்பியிருந்தது. சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துத் தோட்டக்காணிகளை ஒட்டிய வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். ஃபில்டரை மட்டும் கழுவினால் இந்தக் களி போகாது. காற்று குறைந்தால் சுருள்குழாயில் பனி கட்டும், பிறகு உருகிச் சுவரில் வடியும். அதைப் பார்த்தும் காஸ் என்பார்கள்.

களியை வழித்தெடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. மறுபடி பிரேக்கரை இறக்கி, மிச்ச மின்சாரத்தைப் போக்கிய பின், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன். 1.5 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 0.4 காட்டியது. பழுது அவ்வளவுதான், மலிவான ஒரு பொருள். நீங்கள் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டுகளிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் பிரேக்கரை இறக்கிய பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட் அளவில் வைத்திருக்கும்.

சென்சரைப் பற்றியும் சொல்லவேண்டும். சேவிஸ் செய்த அடுத்த நாளே அறை குளிரவில்லை என்றால் பல தடவை காரணம் இதுதான்: அறைச் சென்சர் தன் கொளுக்கியிலிருந்து நழுவிக் குளிர்ந்த சுருளில் ஒட்டிக்கிடக்கும். அறை 30 பாகையில் வெந்துகொண்டிருக்க, அது 20 என்று போர்டுக்குச் சொல்லும். கம்பிரசர் நின்றுவிடும். சென்சரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்து உள்ளங்கையில் பொத்தினால், சூடேற ஏற ஓம் அளவு சீராகக் குறையவேண்டும். குதித்துக் குதித்துக் காட்டினால் மாற்றவேண்டியதுதான்.

கோண்டாவில் வீட்டுக்குத் திரும்புகிறேன். கெப்பாசிட்டரை மாற்றியதும் ஊதி நன்றாகச் சுற்றியது. ஆனால் வெளியூனிட்டைத் திறந்தபோது, பச்சை எர்த் வயர் எதிலும் பூட்டப்படாமல் மடித்து டேப் சுற்றிக் கிடந்தது. மழையில் நனையும் இரும்புப் பெட்டி, எர்த் இல்லை. பக்கத்துத் தூணில் உடுப்புக் காயப்போடும் கம்பி. அங்கேயே நின்றுவிட்டேன். வயரைப் பூட்டினேன். பிறகு மெயின் பலகையில், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். விழவில்லை. மூன்று தடவை அழுத்தினேன். விழவேயில்லை. அந்தப் பொத்தானை அந்த வீட்டில் யாரும் இதுவரை அழுத்தியதில்லை என்று ஐயா சொன்னார்.

புது ட்ரிப் சுவிட்ச் பூட்டும்வரை குளிரூட்டியைப் போடவேண்டாம் என்று பிரேக்கரை இறக்கிவிட்டு வந்தேன். ஐயாவுக்கு மனவருத்தம்தான், அன்றிரவு வெக்கை கடுமை, மேசைக் காற்றாடியோடு படுத்தார்கள். தொலைபேசியில் மருமகன் மட்டும், “சுவிட்ச் என்ன விலை, நான் அனுப்புகிறேன்” என்றார். அடுத்த நாள் காலை பூட்டிவிட்டு ஐயாவையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். ‘டக்’ என்று விழுந்தது.